மீட்டர் பெட்டியடியில் பழைய வயர்: எது மின்சார சபையின் பொறுப்பு, எது வீட்டுக்காரரின் பொறுப்பு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய வீடுகளுக்கு வயரிங் வேலைக்குப் போகிறபோது ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்பச் சிக்கல். போஸ்டில் இருந்து மீட்டர் வரைக்கும் மின்சார சபைக்காரர் பார்ப்பார்கள். மெயின் சுவிட்சுக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரர் ஆள் பிடித்துச் செய்துகொள்வார். மீட்டருக்கும் மெயின் சுவிட்சுக்கும் நடுவில் இரண்டு மூன்று அடி வயர் தொங்குகிறதே, அதை ஒருத்தரும் தன்னுடையதாக நினைப்பதில்லை. வீட்டின் மொத்தக் கரண்டும் அந்த வயரால்தான் உள்ளே வருகிறது, ஆனால் வீடு கட்டிய நாளில் போட்டது அப்படியே கிடக்கும், சுவருக்கு மூன்று தடவை பெயின்ட் அடித்திருப்பார்கள், வயருக்கு மேலேயும் சேர்த்து.

அந்தத் துண்டு வயர் உங்களுடையது. முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

எல்லைக்கோடு எங்கே

போஸ்டில் இருந்து உங்கள் வீட்டுக்கு வரும் சேவிஸ் வயர், மீட்டர், மீட்டரோடு சீல் வைத்திருக்கும் பிரேக்கர் அல்லது பழைய பியூஸ் கட்-அவுட், இவையெல்லாம் சபையின் சொத்து. பழுதானால் மாற்றுவதும் அவர்கள்தான். சீல் வைத்த பெட்டியின் வெளியேறும் முனையில் இருந்து தொடங்கி, மெயின் சுவிட்ச், கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற டிரிப் சுவிட்ச், கசிவை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் கம்பி, வீட்டுக்குள் ஓடும் அத்தனையும் உங்களுடையது. எர்த் கூட சபை தருவதில்லை, நம் நாட்டு வீடுகளில் எர்த் கம்பியை வீட்டுக்காரர்தான் தன் வளவில் அடிக்க வேண்டும்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அந்த இரண்டடி வயர் உங்களுடையதுதான், ஆனால் அதன் ஒரு நுனி சபையின் சீலுக்கு உள்ளே இருக்கிறது. உங்கள் வயரிங்காரர் அந்த நுனியைக் கழற்றக் கூடாது, சீலை உடைப்பது குற்றம். சபைக்காரர் உங்கள் வயரை வாங்கி மாற்றித் தரப்போவதும் இல்லை. இரண்டு பேரும் ஒரே நாளில் வந்தால்தான் வேலை முடியும். இந்த ஊரில் பாதி வீடுகளில் இந்த வேலை கிடப்பில் கிடப்பதற்குக் காரணம் காசு இல்லாததல்ல, இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் வாசலுக்குக் கொண்டுவர முடியாமைதான்.

2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டத்தோடு சபையைக் கம்பனிகளாகப் பிரிக்கிற வேலை தொடங்கினாலும் நம்மவர் வாயில் அது மின்சார சபைதான், நானும் அப்படியே எழுதுகிறேன்.

இனிக் கோளாறைப் பார்த்து உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிற இடத்துக்குப் போங்கள். எந்தக் கட்டத்திலும் சீல் வைத்த பெட்டியைத் திறக்க வேண்டாம், ஈரக் கையோடும் வெறுங்காலோடும் மெயின் சுவிட்சுக்குக் கிட்டப் போக வேண்டாம்.

பெட்டியடியில் எரிந்த வாசம், சூடு, "சிர்ர்" என்ற சத்தம்

எல்லாவற்றிலும் அவசரமானது இதுதான். பழைய சக்கர மீட்டரில் மெல்லிய ரீங்காரம் இருப்பது வழமை. வெடிவெடியென்று பொரிகிற மாதிரிச் சத்தம் வழமையல்ல. மீன் அழுகின மாதிரி ஒரு வாசம் வரும், நிறையப் பேர் எலி செத்துக் கிடக்கிறதென்று அலுமாரிக்குப் பின்னால் தேடுவார்கள். சூடேறின பிளாஸ்டிக் அப்படித்தான் மணக்கும்.

ஏன் சூடாகிறது? இறுக்கம் விட்டுப்போன இணைப்புத்தான் காரணம். ஒரு திருகாணி தளர்ந்து அந்த இடத்தில் வெறும் 0.2 ஓம் தடை உண்டாகிறது என்று வையுங்கள். 20 அம்பியர் ஓடும்போது அந்தப் புள்ளியில் மட்டும் 80 வாட் வெப்பம் எழும்பும். ஒரு விரல் நுனி அளவு இடத்தில் 80 வாட். இன்சுலேஷன் முதலில் காய்ந்து விறைக்கும், பிறகு வெடிக்கும், பிறகு கருகும். இதில் மோசமான விஷயம், கரண்ட் அளவுக்கு மிஞ்சி ஓடவில்லை என்பதால் பிரேக்கர் விழாது, பியூஸ் போகாது. கசிவும் இல்லை என்பதால் டிரிப் சுவிட்சும் சும்மா இருக்கும். அதோடு டிரிப் சுவிட்ச் தனக்கு அடுத்து வருவதைத்தான் காக்கும், தனக்கு முன்னால் இருக்கிற இந்த இரண்டடி அதன் கண்ணில் படாது. ஆகவே அந்த இடத்துக்கு உங்கள் மூக்கும் கையும்தான் காவல்.

கடற்கரைப் பக்கம் இது சீக்கிரம் வரும். கல்லடி, தாழங்குடா, காரைதீவு, திருக்கோவில் என்று கடலைப் பார்த்திருக்கிற வீடுகளில் உப்புக் காற்று செம்பைப் பச்சையாக்கிவிடும், சேவிஸ் வயர் அலுமினியம், வீட்டு வயர் செம்பு, இரண்டும் சரியான கனெக்டர் இல்லாமல் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடம் இன்னும் வேகமாக அரிக்கும்.

செய்ய வேண்டியது: வீட்டில் பெரிய சாமான்களை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள், கேத்தல், அயன், மோட்டர், ஏசி. மெயின் சுவிட்சின் வெளிப்பகுதி சூடில்லாமல் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். சூடாக இருந்தால், புகை வந்தால், கிட்டப் போகாதீர்கள், ஆட்களை வெளியே எடுத்துவிட்டு மின்சார சபையின் 1987 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். "எரிகிறது" என்ற சொல்லைச் சொல்லுங்கள், "கரண்ட் கொஞ்சம் பிரச்சினை" என்று இழுத்தால் வரிசையில் பின்னுக்குப் போய்விடும். தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, காய்ந்த மணல் போடலாம், நம் வளவுகளில் அதற்குப் பஞ்சமில்லை.

பொறுப்பு யாருடையது என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம். கருகல் சீல் வைத்த பெட்டிக்குள் என்றால் சபை. வெளியே இருக்கிற வயரிலோ மெயின் சுவிட்சிலோ என்றால் நீங்கள். சபைக்காரர் வந்து தன் பக்கத்தைச் சரிசெய்துவிட்டு "உங்கட வயரும் போச்சு, மாத்துங்க" என்று சொன்னால் அது தட்டிக்கழிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பெரும்பாலும் உண்மைதான். ஒரு பக்கத் திருகாணி கருகினால் அதில் செருகியிருந்த உங்கள் வயரின் நுனியும் கருகியிருக்கும். அந்த நுனியை வெட்டி நல்ல செம்பு தெரிகிற இடத்தில் மறுபடி பூட்ட வேண்டும், வெட்டினால் வயர் எட்டாது, அப்போதே முழுதாக மாற்றுவதுதான் வழி. இரண்டு துண்டை முறுக்கி டேப் சுற்றி நீட்டுகிறார்களே, அதை இந்த இடத்தில் மட்டும் அனுமதிக்கவே வேண்டாம்.

தம்பிலுவில் பக்கம் ஒரு வீட்டில் மீட்டர் பொருத்தியிருந்த மரப்பலகையைத் தட்டிப் பார்த்தபோது பலகையே இல்லை, பெயின்ட் தோல் மட்டும்தான் நின்றது, உள்ளே முழுக்கக் கறையான் மண். மீட்டரைத் தாங்கிக்கொண்டு நின்றது வயர். பலகை ஆடும்போதெல்லாம் திருகாணியும் ஆடும், திருகாணி ஆடினால் சூடு. பலகையைத் தட்டிப் பாருங்கள், சத்தம் கோதாகக் கேட்டால் மீட்டரை நீங்களே கழற்றி வேறு பலகையில் அடிக்க நினைக்க வேண்டாம், சபைக்குச் சொல்லுங்கள்.

லைட் மங்குகிறது, அல்லது திடீரென்று பளிச்சென்று எரிகிறது

இரண்டும் ஒன்றல்ல, இதைத் தெரிந்துவைத்திருப்பது ஆயிரம் ரூபாய் டெஸ்டரை விடப் பெறுமதி.

மோட்டர் போட்டவுடன் லைட் மங்குகிறதென்றால் வோல்டேஜ் குறைகிறது. ஒரு நொடி மங்கி மீண்டுவிட்டால் அது மோட்டர் எழும்புகிற இழுவை, விடுங்கள். மோட்டர் ஓடி முடியும்வரை மங்கலாகவே இருந்தால் வழியில் எங்கேயோ இறுக்கம் இல்லாத இணைப்போ மெலிந்த வயரோ இருக்கிறது.

மோட்டர் போட்டவுடன், அல்லது ஒன்றும் போடாமலே, லைட் வழக்கத்தை விடப் பளிச்சென்று எரிகிறதா, ஃபேன் விமானம் மாதிரிச் சுற்றுகிறதா, உடனே மெயினை நிறுத்துங்கள். யோசிக்கிற நேரமல்ல. நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயர், விட்டுப்போயிருக்கிறது. போஸ்டில் மூன்று பேஸ், அதாவது கரண்ட் வருகிற வயர், ஓடுகிறது, ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு பேஸில், நியூட்ரல் எல்லோருக்கும் பொது. அந்தப் பொது நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் என்ற கணக்கே குலைந்து ஒரு வீட்டுக்கு 150 போகும், அடுத்த வீட்டுக்கு 300 தாண்டிப் போகும். டிவி, பிரிட்ஜ், சார்ஜர் எல்லாம் சில நிமிடத்தில் போய்விடும். ஆரையம்பதியில் ஒரு அம்மா கூப்பிட்டுச் சொன்னது, "மனே, நேத்தையில இருந்து லைட்டு நல்லா வெளிச்சமா எரியுது, நல்லதுதானே?" நல்லதல்ல. மூன்று பேஸ் மீட்டர் வைத்திருக்கிற வீட்டில் இதே கோளாறு வீட்டுக்குள்ளேயே வரலாம், மீட்டருக்கு அடுத்த உங்கள் நியூட்ரல் வயர் விட்டாலும் போதும்.

பொறுப்பைப் பிரிக்க அடுத்த வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். அவர்களுக்கும் அதே கூத்து என்றால் லைன் பக்கம், 1987. உங்களுக்கு மட்டும் என்றால், உள் வயரிங்கை விட்டால் மூன்று இடம்தான்: சேவிஸ் வயர் வீட்டுக்கு வந்து சேர்கிற இணைப்பு, மீட்டர் பெட்டி, அல்லது உங்கள் இரண்டடி. வயரிங்காரரிடம் மெயின் சுவிட்சின் உள்வரும் முனையில் மல்டிமீட்டர் பிடித்து வோல்டேஜைப் பார்க்கச் சொல்லுங்கள், முதலில் வீட்டில் ஒன்றும் ஓடாமல், பிறகு அயனும் கேத்தலும் போட்டு. நம் நாட்டில் வோல்டேஜ் 230இல் 6 வீதம் கூடவோ குறையவோ இருக்கலாம், அதாவது கிட்டத்தட்ட 216 முதல் 244 வரை. சுமை போட்டதும் அந்த முனையிலேயே 216க்குக் கீழே இறங்கினால் கோளாறு மெயின் சுவிட்சுக்கு முன்னால். அங்கே 228 நின்று வீட்டுக்குள் மட்டும் குறைந்தால் உள் வயரிங், சபையைக் கூப்பிடுவதில் பயனில்லை. அளந்த வோல்டேஜைச் சொல்லி அழைத்தால் வருகிற ஆளும் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு வருவார்.

ஊரெல்லாம் கரண்ட் இருக்கிறது, நம் வீட்டில் இல்லை

டிரிப் சுவிட்ச், மெயின் சுவிட்ச், பிறகு மீட்டர் பெட்டியில் வெளியிலிருந்தே எட்டுகிற பிரேக்கர் நெம்பு இருந்தால் அது, இந்த ஒழுங்கில் பாருங்கள். விழுந்திருந்தால் ஒரு தடவை மட்டும் ஏற்றுங்கள். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். மீட்டரில் இலக்கமோ சிவப்பு விளக்கோ தெரியாவிட்டால் கரண்ட் மீட்டருக்கே வரவில்லை, சபையின் பக்கம். மீட்டர் உயிரோடு இருந்து மெயின் சுவிட்சுக்கு வரவில்லை என்றால் நடுத்துண்டுதான். நியூட்ரல் மட்டும் அறுந்திருந்தால் டெஸ்டர் இரண்டு முனையிலும் எரியும், "கரண்ட் வந்திருக்கு, ஆனா லைட் எரியல்ல" என்று சொல்வார்கள், அந்த நேரம் நியூட்ரலைத் தொட்டாலும் அடிக்கும்.

மழை பெய்தால் டிரிப் சுவிட்ச் விழுகிறது

மாரி தொடங்கினால் இந்தக் கேள்விதான். கார்த்திகை, மார்கழியில் சுவர் ஊறிப்போயிருக்கும், வெளி லைட்டின் ஹோல்டருக்குள் தண்ணீர், கிணற்றடி மோட்டர் பிளக்குக்குள் தண்ணீர். இது முழுக்க உங்கள் பக்கம், சபைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எல்லாச் சின்னப் பிரேக்கர்களையும் இறக்கிவிட்டு டிரிப் சுவிட்சை ஏற்றுங்கள். நின்றால் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வாருங்கள், எதில் விழுகிறதோ அந்த வழியில் ஈரம். எல்லாம் இறக்கியும் விழுந்தால் குழம்ப வேண்டாம், சின்னப் பிரேக்கர் பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் எங்கேயாவது எர்த்தைத் தொட்டிருந்தால் பிரேக்கர் இறக்கியிருந்தாலும் டிரிப் விழலாம். அதற்கு நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் தேட வேண்டும், அது வயரிங்காரர் வேலை.

தொல்லை தாங்காமல் டிரிப் சுவிட்சைத் தவிர்த்து நேராக வயர் போட்டுக் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்துதர ஒத்துக்கொள்கிற ஒருவரை இன்னொரு தடவை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். 30 மில்லி அம்பியரில் விழுகிற அந்தச் சுவிட்ச்தான் பிள்ளை ஈரக் கையோடு பிரிட்ஜைத் தொடும்போது காப்பாற்றுகிறது. மாதத்துக்கு ஒரு தடவை அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது வேலை செய்யாத சுவிட்ச்.

தொட்டால் அடிக்கிறது: பிரிட்ஜ், மோட்டர் பைப், கிரைண்டர்

இங்கே எர்த்தைப் பார்க்க வேண்டும், பழைய வீடுகளில் நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று இதில் இருக்கிறது. முந்தி எர்த் வயரை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவது வழக்கம். குழாய் மண்ணுக்குள் ஓடினதால் எர்த்தும் கிடைத்தது. பிறகு குழாய் துருப்பிடித்ததென்று பிவிசி போட்டார்கள். பிளம்பர் வந்து போன அன்றே அந்த வீட்டின் எர்த் போய்விட்டது, ஒருத்தருக்கும் தெரியாது. இப்போது எர்த் வயர் சும்மா ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறது.

எர்த் கம்பி அடித்திருந்தாலும் நம் மணல் தரையில் அது எப்போதும் ஒரே மாதிரி வேலை செய்யாது. ஆனி, ஆடியில் கச்சான் அடித்து மேல்மண் காய்ந்துபோகும்போது தடை ஏறிவிடும். கணக்கைப் பாருங்கள், எர்த் தடை 50 ஓம் என்றால் பேஸ் நேராக பிரிட்ஜின் உடம்பைத் தொட்டாலும் ஓடப்போவது 4.6 அம்பியர்தான். 15 அம்பியர் பியூஸுக்கு அது கூச்சம் கூடக் காட்டாது. பிரிட்ஜின் உடம்பு 230 வோல்ட்டோடு அப்படியே நிற்கும். அதே இடத்தில் டிரிப் சுவிட்ச் இருந்தால் 30 மில்லி அம்பியரே போதும், எர்த் மோசமாக இருந்தாலும் விழுந்துவிடும். அதனால்தான் பியூஸ் மட்டும் உள்ள பழைய போர்டை வைத்துக்கொண்டு "எர்த் இருக்குத்தானே" என்று நிம்மதியாக இருக்க முடியாது.

கம்பியை எப்போதும் ஈரம் இருக்கிற இடத்தில், கிணற்றடியிலோ சமையலறைத் தண்ணீர் போகிற பக்கமோ அடிக்கச் சொல்லுங்கள், கிளாம்ப் தெரிகிற மாதிரி மூடி வைத்த சின்னக் குழியோடு. உப்புக் காற்றில் முதலில் அரிப்பது அந்தக் கிளாம்ப்தான். இது முழுக்க உங்கள் செலவு.

இரும்புப் பெட்டி மெயின் சுவிட்ச், பீங்கான் பியூஸ்

கோளாறு ஒன்றும் தெரியாவிட்டாலும் இது வீட்டில் இருந்தால் படித்துவிடுங்கள். 15 அம்பியர் பியூஸுக்கு 0.5 மில்லிமீற்றர் ஈயம் பூசின செம்புக் கம்பி, 5 அம்பியருக்கு 0.2. திறந்து பார்த்தால் பெரும்பாலும் வயரில் இருந்து உருவின தடித்த இழைதான் இருக்கும், சில வீடுகளில் இரண்டு மூன்று இழை முறுக்கி. அப்படியென்றால் பியூஸ் எரியாது, சுவருக்குள் இருக்கிற வயர் எரியும். வயரில் 3/.029, 7/.029 என்று அங்குலக் கணக்கு எழுதியிருந்தால், அல்லது துணி சுற்றின ரப்பர் வயர் என்றால், வளைத்துப் பார்க்கவே வேண்டாம், இன்சுலேஷன் தூளாகக் கொட்டும். 1978 கார்த்திகைச் சூறாவளிக்குப் பிறகு திருத்தின வீடுகளில் அன்றைய வயர் இன்னும் இருப்பதைப் பார்க்கலாம். போர்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய வயரை அதில் பூட்டுவது அரைகுறை வேலை.

மெயினை நிறுத்தியும் மீட்டர் ஓடுகிறது

பில் திடீரென்று ஏறினால் முதலில் இதைச் செய்யுங்கள். மெயின் சுவிட்சை நிறுத்தி மீட்டருக்கு முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். சிவப்பு விளக்கு மின்னக் கூடாது, சக்கரம் என்றால் முழுச் சுற்றுச் சுற்றக் கூடாது. மின்னினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் வேறு யாரோ வயர் எடுத்திருக்கிறார்கள், அல்லது அந்தத் துண்டு எங்கேயோ கசிகிறது, அல்லது மீட்டரே பிழை. முதல் இரண்டும் உங்கள் பக்கம், மூன்றாவது சபை.

மின்னாவிட்டால் மெயினைப் போட்டு, தெரிந்த ஒரு சாமானை மட்டும் ஓடவிட்டுக் கணக்குப் பாருங்கள். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று எழுதியிருக்கும். 1600 என்றால் ஒரு மின்னல் 0.625 வாட்-மணி. 1000 வாட் அயன் தொடர்ந்து சூடேறும்போது ஒவ்வொரு இரண்டேகால் நொடிக்கும் ஒன்று மின்ன வேண்டும். கொஞ்சம் முன்பின் இருந்தால் பரவாயில்லை, பாதிக்குப் பாதி வித்தியாசம் என்றால் மீட்டரைச் சோதிக்கச் சொல்லிச் சபைக்கு எழுத்தில் கொடுங்கள்.

சேவிஸ் வயர் தொங்குகிறது, தோல் உரிந்திருக்கிறது

சபையின் பொறுப்பு, போன் போடுங்கள். முருங்கை, மா, தென்னோலை அதில் உரசிக்கொண்டிருந்தால் கொப்பு வெட்டுவதற்கு முன்னால் கரண்டை நிறுத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள், உங்கள் வளவு மரம் என்று நீங்களே கத்தியோடு ஏற வேண்டாம். தகரக் கூரையில் முட்டிக்கொண்டிருந்தால் அது அவசரம். அறுந்து விழுந்திருந்தால் குறைந்தது பத்து மீற்றர் தள்ளி நின்று மற்றவர்களையும் தடுத்துக்கொண்டு அழையுங்கள்.

சீல் இல்லை

பழசாகிக் கழன்றதோ முந்தின குடியிருப்பாளர் உடைத்ததோ, தெரிந்த அன்றே படம் எடுத்து, கணக்கு இலக்கத்தோடு சபைக் கந்தோரில் எழுதிக் கொடுத்துப் பிரதி வாங்குங்கள். மானி வாசிக்க வந்தவர் கண்டு சொன்ன பிறகு நீங்கள் விளக்கம் சொல்வதற்கும், நீங்களே முதலில் போய்ச் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம்.

ஒரு மீட்டரில் இரண்டு வீடு

நம் பகுதிக்கே உரிய சிக்கல் இது. மூத்த மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் அதே வளவில் பின்னால் சின்ன வீடு கட்டிக்கொள்வார்கள், அடுத்த மகளுக்குப் பக்கத்தில் இன்னொன்று எழும்பும். கரண்ட் மட்டும் முன்வீட்டு மீட்டரில் இருந்தே போகும், பெரும்பாலும் மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே ஒரு வயரைச் செருகி, தென்னையில் கட்டி, கிணற்றுக்கு மேலால். மீட்டர் பெயரோ அப்பப்பாவின் பெயரில், அவர் காலமாகி வருடங்களாகியிருக்கும்.

இங்கே பொறுப்பு யாருக்கு என்று கேட்டால் குடும்பத்துக்குள்ளேயே சண்டை வரும். சபையைப் பொறுத்தவரை மீட்டருக்கு அடுத்து வருவதெல்லாம் அந்தக் கணக்குக்காரரின் தலையில். 30 அம்பியர் இணைப்பு என்றால் மொத்தம் 6900 வாட். முன்வீட்டில் ஏசி, மோட்டர், அயன், பின்வீட்டில் கேத்தல், ரைஸ் குக்கர், இன்னொரு மோட்டர், காலை ஆறரை மணிக்கு எல்லாம் சேர்ந்தால் அந்தப் பழைய இரண்டடி வயர்தான் அத்தனையையும் சுமக்கிறது.

உடனே செய்யக்கூடியது: பின்வீட்டு வயரை மெயின் சுவிட்சுக்கும் டிரிப் சுவிட்சுக்கும் பிறகு, அதற்கென்று தனிப் பிரேக்கரில் இருந்து எடுங்கள், பின்வீட்டிலும் ஒரு சின்ன போர்டு வையுங்கள். அடுத்தது கணக்கைச் சீதனம் பெற்றவரின் பெயருக்கு மாற்றுவது. அதற்குப் பிறகு பின்வீடு தனிக் குடித்தனமென்றால் தனி மீட்டருக்கு விண்ணப்பிக்கலாம். யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறுகிற முறையில்தான் வீட்டுப் பில் போடுகிறார்கள், இரண்டு குடும்பம் ஒரு மீட்டரில் ஓடினால் மேல்படிக்குப் போய்விடும், தனி மீட்டருக்குக் கட்டுகிற காசில் ஒரு பகுதி அதிலேயே திரும்பிவிடும்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று. மீட்டரடி வயர், போர்டு, எர்த் மூன்றும் வீட்டுச் சொந்தக்காரரின் வேலை என்று குடிபோகும் முன்பே எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அவர் வெளிநாட்டில் என்றால் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், திகதியோடு அங்கேயே நிற்கும்.

இரண்டு பேரையும் ஒரே நாளில் கொண்டுவருவது

முதலில் வயரிங்காரர். என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழோ உரிமமோ உள்ளவரைப் பிடியுங்கள். அவர் மெயின் சுவிட்ச், டிரிப் சுவிட்ச், பிரேக்கர்கள் கொண்ட புதிய போர்டைப் பழையதுக்குப் பக்கத்தில் பொருத்தி, உள் வழிகளைத் தயார் செய்து, எர்த்தையும் அடித்து வைக்கட்டும். மீட்டரில் இருந்து போர்டுக்கு வருகிற வயர் செம்பில் 10 சதுர மில்லிமீற்றர், ஹாட்வெயார் கடையில் 7/1.35 என்று கேட்டால் தருவார்கள். போர்டில் நன்றாக இறுக்கி, மறு நுனியை மீட்டரடியில் நீளம் மிச்சம் விட்டு, குழாய்க்குள் போட்டு வைக்க வேண்டும்.

அதன் பிறகு சபையின் பிரதேசக் கந்தோருக்குப் போங்கள், போனில் மட்டும் நிற்க வேண்டாம். கணக்கு இலக்கம், வயர் கருகின அல்லது வெடித்த இடத்தின் படம், "வீட்டுப் பக்க வயர் மாற்றத் தயார், சீல் திறந்து இணைத்துத் தர வேண்டும்" என்ற ஒரு பக்கக் கடிதம். கட்டணம் இருந்தால் கட்டி ரசீது எடுங்கள். நாள் தந்தால் வயரிங்காரர் அன்று கட்டாயம் வாசலில் நிற்க வேண்டும், வயர் திருகாணிக்கு எட்டாததோ வயர் நுனியில் பூட்டுகிற லக் சரியில்லாததோ அந்த நேரம்தான் தெரியும். மீட்டரின் இடத்தையும் மாற்ற விருப்பமென்றால் அதையும் இதே கடிதத்தில் கேளுங்கள், அது உங்கள் செலவு. நியாயமான கோரிக்கைக்கு நீண்ட நாளாகப் பதிலே இல்லையென்றால் கடிதப் பிரதிகளோடு இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம்.

அன்று வேலை முடிந்ததும் சபைக்காரர் போகுமுன் வீட்டிலுள்ள பெரிய சாமான்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் காட்டுங்கள். புதுச் சீலின் இலக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம், மீட்டர் வாசிப்போடு ஒரு படம். ஒரு மணித்தியாலம் கழித்துப் பெட்டியின் வெளிப்புறத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள், இளஞ்சூடு கூட இருக்கக் கூடாது. இருந்தால் அன்றே மறுபடி அழையுங்கள்.